உப்பு ஹெர்ரிங்: ஊறவைத்து, உரித்து, ருசி பார்த்த பதிவு

நியூயார்க்கில் ஹெர்ரிங் மீன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணாடிப் புட்டிதான். வெங்காய வளையங்களுக்கு நடுவே இனிப்பும் புளிப்புமாக மிதக்கும் வெளிர்த் துண்டுகள். சூப்பர் மார்க்கெட்டில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். அதை ஒரு வாய் தின்றுவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று ஒதுக்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புட்டியில் மீனுக்கு முன்னால் சர்க்கரை வந்து நிற்கிறது. கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது முழு மீன். பீப்பாயில் உப்போடு உப்பாகக் கிடந்து பக்குவமானது. அதை வாங்கி, உப்பெடுத்து, தோலுரித்து, நாலு விதமாகச் செய்து, அதைச் சாப்பிட்டே வளர்ந்தவர்களோடு உட்கார்ந்து ருசி பார்த்த கதை இது.

சமையல் நடந்தது என் வீட்டில் அல்ல. குயின்ஸில் கியூ கார்டன்ஸ் ஹில்ஸ் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நண்பரின் வீட்டில். கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குடும்பம். என் வீட்டுக் கத்தியிலும் சட்டியிலும் செய்தால் அவர்கள் வாயில் வைக்க முடியாது. அவர்கள் ருசி பார்த்துச் சொல்லாவிட்டால் நான் மெனக்கெட்டதில் பிரயோஜனமே இல்லை. நண்பரின் அம்மா ஜோஹனஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்கள்; அங்குள்ள யூதர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் லிதுவேனியாதான். ஹெர்ரிங் விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மீன் எடுத்தது

கடையில் "ஷ்மால்ட்ஸ் ஹெர்ரிங், முழுசு" என்று கேட்க வேண்டும். உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும் பருவத்தில் பிடித்து உப்பிட்ட மீன் அது. அட்லாண்டிக் ஹெர்ரிங் நம்மூர் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் குளிர்ந்த கடலில் வாழ்வதால் அதன் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் தாறுமாறாக மாறும். முட்டையிட்டு ஓய்ந்த நேரத்தில் சில சதவீதம்தான் இருக்கும். கோடையில் மேய்ந்து கொழுத்தபின் 20 சதவீதத்தைத் தாண்டும். ஒல்லியான மீனை உப்பிட்டால் நார்நாராக, உப்புக்கட்டியாக ஆகிவிடும். கொழுத்த மீன் உப்பிலும் மெத்தென்று இருக்கும். டச்சுக்காரர்கள் ஜூன் மாதம் கொண்டாடும் மாட்யெஸ் ஹெர்ரிங்குக்கு 16 சதவீதக் கொழுப்பாவது இருந்தாக வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். மாட்யெஸ் சினை பிடிப்பதற்கு முந்தைய இளமீன், உப்பும் குறைவு. ஷ்மால்ட்ஸ் அதைவிட முதிர்ந்தது, உப்பும் கூடுதல். யூத வீடுகளில் மேசைக்கு வந்த பழைய மீன் இந்த இரண்டாவது ரகம்தான்.

கடைக்காரர் வாளிக்குள் கையுறையோடு கையை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். தலைக்குப் பின்னால், முதுகு தடித்திருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்திய இடம் மெதுவாக எழும்பி வந்தால் எடுத்து வைத்தார், குழிந்தே கிடந்ததைத் திரும்ப உள்ளே போட்டார். வயிற்றோரம் மஞ்சளாக, துருவேறியதுபோல் இருந்தவற்றையும் ஒதுக்கினார். கொழுப்பு காற்றுப்பட்டுக் கெட்டதன் அடையாளம் அது. எவ்வளவு ஊறவைத்தாலும் அந்தக் காறல் போகாது. பிறகு என்னைப் பார்த்து, "ஆணா, பெண்ணா?" என்றார். நண்பரின் அம்மா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: பாதிக்குப் பாதி ஆண் மீனாக இருக்க வேண்டும். கடைக்காரர் வயிற்றை லேசாகப் பிதுக்கிப் பார்த்தே பிரித்துக் கொடுத்தார். அது ஏன் என்பது சமையல் பகுதியில் வரும்.

ஹெர்ரிங் கோஷர் மீனாக இருப்பதற்குக் காரணம் எளிது. துடுப்பும் செதிலும் உள்ள மீன்களை உண்ணலாம் என்பது யூதர்களின் மறைநூலான தோராவின் விதி. ஹெர்ரிங்கின் செதில் வலையிலேயே உதிர்ந்துவிடுகிற அளவுக்கு மெல்லியது. தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது செதிலை உதிர்க்கும் மீனும் ஆகும் என்று, பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் காலத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. மீனுக்கு இறைச்சியைப்போல் முறைப்படி அறுக்கும் சடங்கோ இரத்தம் நீக்கும் வேலையோ கிடையாது. எந்த நாட்டு மீனவன் பிடித்தாலும், எந்தத் துறைமுகத்தில் பீப்பாயில் அடைத்தாலும் யூத வீட்டுக்குள் வர முடிந்தது.

வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவுளையும் தொண்டைப் பகுதியையும் ஒரு சின்னக் கத்தியால் எடுத்துவிட்டு, கல்லீரலையும் கணையத்தையும் உள்ளேயே விட்டு உப்பிடும் முறையை 14ஆம் நூற்றாண்டில் பீர்ஃப்லீட் ஊரைச் சேர்ந்த வில்லெம் பூக்கெல்ஸ்சோன் கொண்டுவந்தார் என்பது நெதர்லாந்தில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. உள்ளே விட்ட உறுப்புகளின் நொதிகள்தான் உப்புக்குள் கிடக்கும் சதையை மெல்ல மெல்ல இளக்கி, பச்சை வாடையைப் போக்கி, ருசியைக் கொண்டுவருகின்றன. உப்பு மீனைக் கெடாமல் காக்கிறது. பக்குவம் செய்வது இந்த நொதிகள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தது. மீன் சுத்தம் செய்யும் பெண்கள் மூன்று பேர் கொண்ட குழுவாக வேலை செய்தார்கள். இருவர் குடல் எடுக்க, ஒருவர் பீப்பாயில் அடுக்க. 1907இல் மட்டும் ஸ்காட்லாந்தில் 25 லட்சம் பீப்பாய் ஹெர்ரிங் உப்பிடப்பட்டது. அதில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ரஷ்யப் பேரரசுக்கும் போனது. ஸ்டெட்டின், டான்சிக், கோனிக்ஸ்பர்க், லிபாவ் துறைமுகங்களில் இறங்கி, ரயிலேறி, கடலையே பார்த்திராத ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த உள்நாட்டு வியாபாரத்தில் யூத வணிகர்கள் நிறையப் பேர். ஓவியர் மார்க் ஷகாலின் தந்தை விட்டெப்ஸ்கில் ஒரு ஹெர்ரிங் வியாபாரியிடம் பீப்பாய் தூக்கும் கூலியாக வாழ்நாள் முழுதும் உழைத்தவர்.

பக்கத்து ஆற்றில் பிடித்த கெண்டையைவிட நெடுந்தொலைவு கடந்து வந்த உப்பு மீன் மலிவாக இருந்தது என்பது எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பைத் தருகிறது. உயிர்க் கெண்டை, வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத்துக்கும் பண்டிகைக்கும், வாரநாளில் ஹெர்ரிங். ஒரு மீனை ஒரு குடும்பமே பகிர்ந்துகொண்டது. துண்டு கிடைக்காதவர்கள் பீப்பாய் உப்புநீரை வெந்த உருளைக்கிழங்கின் மேல் தெளித்துச் சாப்பிட்டார்கள்.

உப்பெடுத்தல்

இதுதான் மொத்தச் சமையலும் என்பேன். மற்றதெல்லாம் வெட்டுவது, கலப்பது. மீனில் எவ்வளவு உப்பை விட்டுவைக்கிறோம் என்பதில்தான் ருசி நிற்கிறது. முழுக்க எடுத்துவிட்டால் சப்பென்று ஈரப் பஞ்சாகிவிடும். எடுக்காமல் விட்டால் நாக்கு மரத்துப்போகும்.

கருவாட்டுக்கு நாம் வெந்நீரில் போடுவதுபோல் இதைப் போடக் கூடாது. கருவாடு காய்ந்தது, பிறகு குழம்பில் கொதிக்கப் போவது. ஹெர்ரிங் நெருப்பையே பார்க்கப்போவதில்லை. சூடு பட்டால் சதை வெந்து இறுகி, கொழுப்பு உருகி வெளியேறிவிடும். ஆகவே குளிர்ந்த தண்ணீர், அதுவும் ஃபிரிட்ஜுக்குள். ஒரு கிலோ மீனுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் விட்டேன். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் கலங்கலாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு, கடல் வாடையோடு இருந்தது. அடுத்தடுத்த தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. முழு மீனுக்குப் பொதுவாக 24 மணி நேரம் போதும். உப்பு கடுமையாக இருந்தால் இன்னும் அரை நாள். தோலுரித்த துண்டுகளாக வாங்கியிருந்தால் 6 முதல் 8 மணி நேரத்திலேயே ஆகிவிடும்.

கடைசித் தண்ணீருக்குப் பதிலாகப் பாலில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. பால் சதையை மிருதுவாக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோஷர் வீட்டில் அந்த நிமிடமே மீன் பால் வகையாகிவிடும். பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பது விதி; அந்த விருந்தில் இறைச்சி பரிமாற முடியாது. சப்பாத் மதியத்தில் ஹெர்ரிங்குக்கு அடுத்து வரப்போவது மாட்டிறைச்சியும் பீன்ஸும் பார்லியும் இரவு முழுக்க வெந்த சோலெண்ட். அதனால் தண்ணீர் மட்டுமே. மீன் தன்னளவில் பாலும் அல்ல, இறைச்சியும் அல்ல. பார்வே என்ற நடுவகை. அந்த நடுநிலையைக் கெடுக்காமல் காப்பதுதான் ஹெர்ரிங் சமையலின் பாதிக் கெட்டிக்காரத்தனம்.

உப்பு போதுமா என்று பார்க்க நண்பரின் அம்மாவிடம் ஒரு சோதனை இருந்தது. தலைக்குப் பின்னால், தடித்த முதுகில் ஒரு சீவல் அறுத்து மெல்ல வேண்டும். "வாய் தண்ணி கேட்டா இன்னும் ஊறணும். உருளைக்கிழங்கு கேட்டா எடுத்துடலாம்." இதைவிடத் தெளிவாக எந்தச் செய்முறைக் குறிப்பிலும் நான் படித்ததில்லை. அவர் சொன்னபடி எல்லா மீனையும் ஒரே அளவு நேரம் ஊறவைக்கவில்லை. உருளைக்கிழங்கோடு வெறுமனே தின்னப்போகும் மீனைச் சீக்கிரமே எடுத்தோம். கொத்திப் பிசையப்போவதையும் அதோடு எடுத்துவிட்டோம்; ரொட்டியும் முட்டையும் ஆப்பிளும் அந்த உப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும். வினிகரில் போடப்போவது கூடுதல் நேரம் ஊறியது, புளிப்பு உப்பை எடுப்பாகக் காட்டும் என்பதால்.

கத்தி வேலை

மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பலகை. முதலில் தலையைத் துடுப்போடு சேர்த்துச் சாய்வாக வெட்டி எடுக்க வேண்டும். வயிற்றின் ஓரத்தை ஒரு விரற்கடை அகலத்துக்கு நீளவாட்டில் நறுக்கிவிட்டால் உள்ளே இருப்பது தெரியும். பெண் மீனில் ஆரஞ்சு கலந்த பழுப்பில் நெருக்கமான சினை. ஆண் மீனில் தந்த நிறத்தில், வழவழப்பாக, விரல் நீளத்துக்கு இரண்டு விந்துப்பைகள். அவற்றைக் கிழியாமல் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டேன். முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சவ்வையும் உறைந்த இரத்தக் கோட்டையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். கசப்பு ஒளிந்திருக்கும் இடம் அது.

தோலுரிப்பதை அம்மா செய்து காட்டினார். கத்தியே தேவைப்படவில்லை. முதுகுத் துடுப்பின் இரு பக்கமும் மெலிதாகக் கீறிவிட்டு, தலைப்பக்கம் தோலின் நுனியை நகத்தால் கிளப்பி, ஈரம் போகத் துடைத்த விரல்களால் வாலை நோக்கி ஒரே இழுப்பு. தோல் முழுதாகக் கையோடு வந்தது. அதன் அடியில் இருந்த மெல்லிய வெள்ளிப் படலம் சதையிலேயே தங்கிவிட்டது. அந்த வெள்ளி மினுமினுப்பு கிழியாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்குக் கீழேதான் கொழுப்பு இருக்கிறது. மீன் ஈரமாக இருந்தால் விரல் வழுக்கித் தோல் பிய்ந்துபோகும். உரிப்பதற்கு முன் துணியால் ஒற்றி எடுப்பது அதற்காகத்தான்.

பிறகு வால்பக்கம் சதையைக் கட்டைவிரலால் பிளந்து, முதுகெலும்பை அப்படியே தூக்கினால் விலா முட்களில் பெரும்பாலானவை கூடவே வந்துவிடும். நன்றாகப் பக்குவப்பட்ட மீன் என்றால் எலும்பு எதிர்ப்பில்லாமல் கழன்று வரும். மிச்சமிருக்கும் மயிர்முட்களைப் பொறுக்கினோம். இதெல்லாம் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் முடிந்தாக வேண்டும். சப்பாத்தில் உணவிலிருந்து வேண்டாததைப் பொறுக்கி எடுப்பது தடுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. தட்டில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. முள்ளில்லாத மீன் பண்டங்கள் யூதச் சமையலில் இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விந்துப்பைச் சாறு

ஆண் மீன் கேட்டதன் காரணம் இது. இன்று கடைகளில் இது அருகிவிட்டது. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

விந்துப்பைகளைத் தனியாகக் குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் வைத்து, மேல்சவ்வை உரித்து, மெல்லிய வடிகட்டியில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். கெட்டித் தயிர்போல் கீழே இறங்கியது. மூன்று மீனின் விந்துப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பொடித்த வெள்ளை மிளகு. வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்கும்போது அது வெளுத்து, கெட்டிப்பட்டு, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்துக்கு வந்தது. பார்த்தால் பாலேடு சேர்த்ததாகத்தான் தோன்றும். ஒரு துளி பால் கிடையாது. இறைச்சிக்கு முன்னால் கிரீம் வைக்க முடியாத சமையலறையில், மீனின் உடம்பிலிருந்தே கிரீமை எடுத்திருக்கிறார்கள். வறுமையில் எதையும் வீணாக்காத பழக்கமும் மதவிதியும் சேர்ந்து கண்டுபிடித்த ருசி. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எனக்கு அவர் மேல் பெரும் மரியாதை.

மீனை இரண்டு விரற்கடைத் துண்டுகளாக வெட்டி, வெங்காய வளையத்தோடு மாற்றி மாற்றி அடுக்கி, இந்தச் சாற்றை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தோம்.

வினிகர் ஹெர்ரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 250 மில்லி வெள்ளை வினிகர், அதே அளவு தண்ணீர், 90 கிராம் சர்க்கரை, பே இலை, ஆல்ஸ்பைஸ், மிளகு, கடுகு. கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டுத்தான் மீன்மேல் ஊற்ற வேண்டும். கண்ணாடிப் புட்டி நல்லது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. திராட்சை வினிகர் எடுக்கவில்லை. திராட்சை ரசத்திலிருந்து வரும் எதற்கும் தனியாகக் கோஷர் சான்று வேண்டும் என்பதால் சாதாரண வெள்ளை வினிகரோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் இது தேறும் என்பதால், இதற்கான மீனை மட்டும் வாரத் தொடக்கத்திலேயே தயார்செய்து வைத்திருந்தோம்.

கொத்திய ஹெர்ரிங்கும் கிக்கெலும்

ஒடெஸா பக்கம் ஃபோர்ஷ்மாக் என்று கொண்டாடுவது இதைத்தான். இரண்டு மீனின் சதை, தோல் சீவிய ஒரு பச்சை ஆப்பிள், பொடியாக நறுக்கிய சிறிய வெங்காயம் ஒன்று, இரண்டு அவித்த முட்டை, வினிகரில் நனைத்துப் பிழிந்த பழைய ஹல்லா ரொட்டி இரண்டு துண்டு. ஒடெஸாவில் வெண்ணெயும் சேர்ப்பார்கள். இங்கே இறைச்சிக்கு முன் என்பதால் எண்ணெய். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். பெரிய கத்தியால் பலகையில் கொத்த வேண்டும். ஆப்பிள் பல்லில் தட்டுப்பட வேண்டும், மீன் நாக்கில் கரைய வேண்டும். ஒரு மஞ்சள் கருவை எடுத்துவைத்து மேலே துருவித் தூவினோம். சர்க்கரையில் ஒரு சிறு தகராறு வந்தது. போலந்தின் தென்பகுதியிலிருந்து வந்தவர்கள் மீனுக்கு இனிப்புச் சேர்ப்பார்கள், லிதுவேனியக்காரர்கள் மிளகு போடுவார்கள் என்பது ஊரறிந்த பிரிவினை. நண்பரின் மனைவி வழி போலந்து. ஒரு தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போனது. அம்மா மேலே மிளகை நிறையவே பொடித்துப் போட்டுச் சரிக்கட்டினார்.

தென்னாப்பிரிக்க யூத வீட்டில் கொத்திய ஹெர்ரிங், கிக்கெல் என்ற மொறுமொறுப்பான இனிப்பு பிஸ்கட் இல்லாமல் மேசைக்கு வராது. மூன்று முட்டை, 120 மில்லி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு; இவற்றைப் பத்து நிமிடம் விடாமல் அடித்து, 220 கிராம் மைதாவைச் சேர்த்துப் பிசைந்தால் கையில் ஒட்டும் மாவு வரும். பலகையில் மாவுக்குப் பதிலாகச் சர்க்கரையைத் தூவி அதன்மேல் மெல்லிசாகத் தேய்த்து, பட்டையாக நறுக்கி, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி 175 டிகிரியில் அரை மணி நேரம். உள்ளே காற்றோட்டமாக, கடித்தால் நொறுங்கிப்போகும்படி வெந்தது. இனிப்புப் பண்டத்தின் மேல் உப்பு மீனா என்று தயங்குகிறவர்கள் ஒரு வாய் தின்றால் போதும், கேள்வி தீர்ந்துவிடும்.

ருசி பார்த்தது

சப்பாத் மதியம், திராட்சை ரசத்தின் மேல் கிட்டுஷ் என்ற ஆசிமொழி சொல்லி முடிந்ததும் மீன் வந்தது. அந்த வீட்டில் அன்று பேனா எடுக்கும் வழக்கமில்லை. இந்தக் குறிப்புகளை ராத்திரி என் வீட்டுக்கு வந்தபின் எழுதினேன்.

வரிசை முக்கியம். இனிப்பும் புளிப்பும் முதலில் போனால் அதற்குப் பிறகு வெறும் மீனின் ருசி நாக்கில் ஏறாது. ஆகவே முதலில் எதுவும் சேர்க்காத மீன். வெள்ளிக்கிழமையே வெந்து, சூட்டுத் தட்டில் இருந்த தோலோடு கூடிய உருளைக்கிழங்கு. மேலே குளிர்ந்த மீன். ஒரு வளையம் பச்சை வெங்காயம். வாயில் வைத்ததும் உப்பு முன்னால் பாய்ந்து வருகிறது. அடுத்த நொடி உருளைக்கிழங்கின் சூடு மீனின் கொழுப்பை உருக்க, உப்பு பின்வாங்கி நெய்ப்பு நாக்கெங்கும் பரவுகிறது. விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய தித்திப்பு நிற்கிறது. அது சர்க்கரை இல்லை. நாள்பட்ட பக்குவம் தந்தது. வெங்காயம் அந்த நெய்ப்பை அறுத்து வாயை அடுத்த கவளத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. முதுகுத் துண்டும் வயிற்றுத் துண்டும் ஒன்றல்ல. முதுகு இறுக்கமாக, இறைச்சித்தன்மையோடு இருக்கும், வயிறு வெண்ணெய். நல்ல ஹெர்ரிங்கை அடையாளம் காண வயிற்றுத் துண்டைத்தான் தின்று பார்க்க வேண்டும்.

அடுத்து விந்துப்பைச் சாறு. மேசையில் முதலில் தீர்ந்தது அதுதான். வாசனையில் கடல் இருக்கிறது, ருசியில் கவிச்சி இல்லை. வினிகரின் கூர்மை முழுக்க மழுங்கி, புளிப்பு வட்டமாக வந்து சேர்ந்தது. புட்டியில் விற்கும் கிரீம் ஹெர்ரிங்கில் பாலின் ருசியும் மீனின் ருசியும் தனித்தனியாக நிற்கும்; இதில் சாறும் மீனும் ஒன்றே. வெங்காயம் ஓரிரவு ஊறிக் காரம் தணிந்திருந்தது. என்னைக் கேட்டால் முழு வாளி மீனையும் இதற்காகவே வாங்கலாம்.

வினிகர் ஹெர்ரிங் சுமார்தான். என் நாக்குக்கு 90 கிராம் சர்க்கரை அதிகம், 60 போதும். ஆல்ஸ்பைஸின் கிராம்பு வாசனை மட்டும் மீனுக்கு நன்றாகப் பொருந்தியது. கொத்திய ஹெர்ரிங்கைக் கிக்கெலின் மேல் குவித்து அம்மா நீட்டியபோது, நொறுங்கல், இனிப்பு, உப்பு, ஆப்பிளின் நீர் எல்லாம் ஒரே கடியில் வந்தன. சின்னப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வந்து எடுத்துப் போனது அதைத்தான். ஹெர்ரிங் பழகாதவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முதல் பண்டமும் அதுவே.

கூடவே சின்னக் கிளாஸில் குளிர்ந்த வோட்காவும் ரை விஸ்கியும். இங்கே மது அலங்காரத்துக்கு இல்லை. உள்நாக்கில் படிந்த மீன் எண்ணெயைச் சாராயம் கழுவி எடுத்துவிடுகிறது. மீனையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது ஷுல்ஹான் அருக் என்ற யூதச் சட்டத் தொகுப்பில் உள்ள விதி. நடுவில் வாயைச் சுத்தம் செய்து, ஏதாவது தின்று குடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில்தான் "லெஹாயிம்" (வாழ்வுக்கு!) என்று சொல்லி ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறார்கள். அதற்குள் மீன் தட்டுகளும் முள்கரண்டிகளும் எடுக்கப்பட்டு வேறு தட்டுகள் வந்துவிட்டன, சோலெண்டும் வந்தது. சாயங்காலம், சப்பாத் முடிவதற்கு முந்தைய மூன்றாம் உணவுக்கு மிச்ச ஹெர்ரிங்கும் ஹல்லாவும் மறுபடி மேசைக்கு வந்தன. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, நோன்பு முடிக்கும்போது இதே மீனை உண்ணும் வழக்கமும் உண்டு. உடம்பு இழந்த உப்பைத் திருப்பித் தர இதைவிட ருசியான வழி இல்லை என்றார் நண்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறைச்சி எதுவும் இல்லாததால் சவர் கிரீம் கலந்த ஹெர்ரிங்கையும் தின்று பார்த்தோம். நல்ல ரை ரொட்டியின் மேல் அது தனி இன்பம்தான். ஆனால் கிரீம் போட்டதும் மீன் எந்தத் தரமானாலும் ஒரேபோல் ஆகிவிடுகிறது. கொழுத்த மீனை அதில் போடுவது விரயம். மன்ஹாட்டனில் 179, ஈஸ்ட் ஹூஸ்டன் தெருவில் உள்ள ரஸ் அண்ட் டாட்டர்ஸ் கடையில் இந்த வகைகள் எல்லாமே ஒரே கண்ணாடிப் பேழையில் வரிசையாக இருக்கும். 1914இல் ஜோயல் ரஸ் தொடங்கிய கடை. கலீசியாவிலிருந்து வந்து, பீப்பாய் ஹெர்ரிங் விற்று வளர்ந்தவர் அவர். வீட்டில் செய்ய நேரமில்லாதவர்கள் அங்கே போய், முதலில் ஷ்மால்ட்ஸ், பிறகு மாட்யெஸ், கடைசியில் சாறு வகைகள் என்று இதே வரிசையில் கேட்டு வாங்கித் தின்னலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. கடும் உப்பில் நாள்பட்டுக் கிடந்த மீனில் புழுக்கள் பிழைக்காது. உப்புக் குறைந்த மாட்யெஸ் அப்படியல்ல. முறைப்படி உறையவைத்து விற்கப்பட்டதாக இருக்க வேண்டும். பச்சை ஹெர்ரிங்கை வாங்கி வீட்டில் லேசாக உப்பிட்டுத் தின்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறவைத்த மீனிலும் கணிசமான உப்பு இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். உப்பெடுத்தபின் வெறும் மீனை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்குமேல் வைக்கக் கூடாது. எண்ணெயில் மூழ்கும்படி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். வினிகரில் போட்டது இரண்டு வாரம் நன்றாக இருக்கும். விந்துப்பைச் சாறு மறுநாளுக்குள் தீர்ந்தாக வேண்டும், தீர்ந்தும் விடும்.

அடுத்த வாளிக்கு அம்மா பட்டியல் சொல்லியிருக்கிறார்: வினிகருக்கான மீனைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சர்க்கரை 60 கிராம்தான், ஆண் மீன் மூன்று கூடுதலாக வேண்டும்.